எம்மானுவெல்: ஒரு பாட்டின் வரவு செலவு

சில பாட்டுகளுக்கு ஒரு விசித்திரமான தலையெழுத்து. படத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர், பார்த்ததை ஒப்புக்கொள்கிறவர்கள் அதிலும் கொஞ்சம் பேர், ஆனால் மெட்டு மட்டும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருக்கும். 1974-ல் வந்த 'எம்மானுவெல்' என்ற பிரெஞ்சுப் படத்தின் பாட்டு அந்த ரகம். ஏதாவது ஒரு ஹோட்டல் லிஃப்டில் வெறும் வாத்திய இசையாக ஓடிக்கொண்டிருக்கும். கேட்கிறவர் 'அட, நல்லா இருக்கே' என்று நினைத்தபடி தன் மாடி வந்ததும் இறங்கிப் போய்விடுவார்.

நல்லாத்தான் இருக்கிறது, அதில் சண்டையே இல்லை. மெதுவான கிடார், மேலே மிதக்கும் வயலின்கள், அவசரமே இல்லாத ஒரு ஆண் குரல். பிரெஞ்சு மொழி தெரியாதவர்களுக்குக்கூட யாரோ யாரையோ கொஞ்சுகிறார்கள் என்பது புரிந்துவிடும். சண்டை வேறு இடத்தில். இந்தப் பாட்டை 'பழைய காலத்து இனிய மெலடி' என்ற பெட்டியில் போட்டு மூடிவிடுகிறார்களே, அங்கேதான். இது ஒரு வேலைக்காக அமர்த்தப்பட்ட பாட்டு. அந்த வேலையை மிகத் திறமையாகச் செய்து முடித்த பாட்டு. என்ன வேலை என்று பார்க்காமல் மெட்டை மட்டும் ரசிப்பது, பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கம்பெனி அருமை என்று சொல்வது மாதிரி.

படத்தைப் பற்றி, தெரியாதவர்களுக்காக நாலு வரி. பாங்காக்கில் தூதரகத்தில் வேலை பார்க்கும் பிரெஞ்சுக்காரக் கணவனிடம் ஓர் இளம் மனைவி போய்ச் சேர்கிறாள். அங்கே வெட்டியாகப் பொழுது போக்கும் ஐரோப்பியக் கூட்டம் அவளுக்கு 'விடுதலை' சொல்லிக் கொடுக்கிறது. அவ்வளவுதான் கதை. தாய்லாந்து மக்கள் இந்தப் படத்தில் பெரும்பாலும் பின்னணிச் சீலை மாதிரிதான் வருவார்கள். (அது தனியாக எழுத வேண்டிய இன்னொரு வயிற்றெரிச்சல்.) இயக்கியவர் ஜுஸ்ட் ஜாக்கின், இது அவருடைய முதல் படம். கதாநாயகி சில்வியா கிறிஸ்டல், நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்துப் பெண். 1973-ல் ஒரு ஐரோப்பிய டிவி அழகிப் போட்டியில் ஜெயித்தவர். படம் வரும்போது வயது 21.

வெளியான நேரம் இருக்கிறதே, அது அதிர்ஷ்டம். 1974 ஏப்ரலில் ஜனாதிபதி பொம்பிதூ பதவியிலேயே இறந்துபோனார். மே மாதம் ஜிஸ்கார் தெஸ்தேன் வந்தார். புதிய ஆட்சி, புதிய காற்று, தணிக்கையைத் தளர்த்துகிறோம் என்று பேச்சு. ஜூன் 26-ம் தேதி படம் தியேட்டருக்கு வந்துவிட்டது. பிரான்ஸில் மட்டும் கிட்டத்தட்ட 89 லட்சம் டிக்கெட். பாரிஸில் ஷாம்ஸ் எலிஸே வீதியில் இருந்த ட்ரியோம்ஃப் தியேட்டரில் பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. அமெரிக்காவில் இதை வாங்கி வெளியிட்டது ஏதோ மூலைக் கடை வியாபாரி இல்லை, கொலம்பியா பிக்சர்ஸ்.

இங்கேதான் ஒரு கேள்வி. அந்தக் காலத்தில் இதைவிடப் பச்சையான படங்கள் வராமலா இருந்தன? வந்தன. ஆனால் அவற்றுக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, முகத்தை மறைத்துக்கொண்டு போனார்கள். எம்மானுவெலுக்கு மட்டும் தம்பதிகளாக, நல்ல உடை உடுத்தி, வரிசையில் நின்று போனார்கள். பெண்கள் போனார்கள். 'நாம் பார்ப்பது அந்த மாதிரிப் படம் இல்லை' என்று இத்தனை லட்சம் பேரை நம்ப வைத்தது எது?

பதில் பாதி காமிராவில் இருக்கிறது, பாதி இசையில். ஜாக்கின் ஃபேஷன் போட்டோகிராஃபர். விளம்பரப் படங்களும் எடுத்தவர். இசையமைத்த பியர் பாஷ்லேயும் விளம்பர உலகத்திலிருந்து வந்தவர்தான், தன் பெயரில் அப்போது பெரிய ஹிட் எதுவும் இல்லாத முப்பது வயது ஆள். (இசையில் எர்வே ருவா என்பவர் பெயரும் சேர்ந்து வரும்.) சோப்பை, வாசனைத் திரவியத்தை விற்கத் தெரிந்த இரண்டு பேர் சேர்ந்து படம் எடுத்தால் என்ன வருமோ அதுதான் வந்தது. ஒளி வடிகட்டிய மாதிரி மங்கலாக விழும். பிரம்பு நாற்காலி ஒன்று வரும், இன்றுவரை பிரான்ஸில் அதற்கு 'எம்மானுவெல் நாற்காலி' என்றே பெயர். காட்சி எல்லை தாண்டும்போது அந்தக் குரல் ஆரம்பித்துவிடும்.

விளம்பர இசையின் வேலை என்ன? பொருளைப் பற்றித் தகவல் சொல்வது இல்லை. பொருளுக்கும் வாங்குகிறவருக்கும் நடுவே இருக்கும் கூச்சத்தை எடுத்துவிடுவது. 'இது உங்களைப் போன்றவர்களுக்கு உரியதுதான்' என்று காதோரம் சொல்வது. பாஷ்லேயின் பாட்டு அதைத்தான் செய்கிறது. அந்த மெட்டில் ஒரு இடத்தில்கூட ஆசை கொதிக்காது, மூச்சு வாங்காது. 1969-ல் செர்ஜ் கேன்ஸ்பூரும் ஜேன் பர்க்கினும் பாடி வாட்டிகன் வரைக்கும் கோபப்பட வைத்த அந்தப் பிரபலமான டூயட்டோடு ஒப்பிட்டால் இது பஜனைப் பாட்டு. அந்த டூயட்டை ரேடியோக்கள் தடை செய்தன. இதை ரேடியோக்கள் ஆசையாசையாகப் போட்டன. படத்துக்கு வயது வரம்பு உண்டு, பாட்டுக்கு இல்லை. ஆக, தியேட்டருக்குள் நுழைய முடியாத வீடுகளுக்குள்ளும் படத்தின் பெயர் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை நுழைந்தது. காசு கொடுக்காமல் விளம்பரம், அதற்கும் மேல் இசைத்தட்டு விற்பனையில் வருமானம். எந்த மார்க்கெட்டிங் வாத்தியாரும் இதைவிட நல்ல உதாரணம் காட்ட முடியாது.

இப்போது பாட்டு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வார்த்தைகளை இங்கே எடுத்து எழுத வேண்டியதில்லை, சாரம் போதும். எம்மானுவெலின் இதயம் காதல் ராகம் பாடுகிறது என்று ஆரம்பிக்கிறது. அப்புறம் அவளிடமே நேராகப் பேசுகிறது. உனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, ஒரே ஒருவனைத்தான் அறிந்திருக்கிறாய், இந்த வயதில் ஒழுங்காக இருப்பதெல்லாம் கஷ்டம் என்கிற தோரணை. கவனியுங்கள், இதயம் பாடுகிறதாம். ஆனால் பாடுவது அவள் இல்லை. அவளுக்கு என்ன தோன்றுகிறது, அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, இனி என்ன செய்தால் நல்லது என்பதையெல்லாம் ஒரு ஆண் குரல் சொல்லிக்கொண்டே போகிறது. படமோ ஒரு பெண் தன் ஆசையைத் தானே கண்டுபிடிக்கும் கதை என்று விளம்பரம் செய்யப்பட்டது. தானே கண்டுபிடிக்கிறவளுக்கு ஒரு வரி சொந்தமாகப் பாடக் கொடுத்திருக்கக் கூடாதா?

இது பாட்டோடு நிற்கிற விஷயமும் இல்லை. மூல நாவலை எழுதியவர் எம்மானுவெல் அர்சான் என்று அட்டையில் இருக்கும். அது புனைபெயர். பாங்காக்கில் பிறந்த மரயாத் என்ற பெண்மணியின் பெயரோடு அது சேர்த்துச் சொல்லப்பட்டது. அவருடைய பிரெஞ்சுக்காரக் கணவர் லூயி-ழாக் ரோலே-ஆந்திரியான் அரசாங்கப் பணியில் இருந்தவர். உண்மையில் எழுதியது அந்தக் கணவர்தான் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அது நிஜமாக இருந்தால் பாருங்கள்: எழுதியவர் ஆண், இயக்கியவர் ஆண், பாடியவர் ஆண். போர்டில் மட்டும் பெண் பெயர். கம்பெனியை மனைவி பெயரில் பதிவு செய்துவிட்டுக் கல்லாவில் தான் உட்கார்ந்துகொள்வது நமக்கெல்லாம் தெரிந்த கதைதானே.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் கிண்டல் செய்துவிட்டுப் போகக்கூடிய சமாச்சாரம். இனி வருவது அப்படி இல்லை.

படத்தின் பிற்பகுதியில் மாரியோ என்ற ஒரு கிழவர் கதாபாத்திரம் வரும். எம்மானுவெலுக்கு 'பாடம்' எடுக்கிறவர். பாடத்தின் ஒரு பகுதியாக அவளை ஒரு அபின் குகைக்குக் கூட்டிப் போகிறார். அங்கே அவள் வன்புணர்வு செய்யப்படுகிறாள். அவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். படம் இதைக் குற்றமாகக் காட்டுவதில்லை. ஒரு படிக்கட்டாகக் காட்டுகிறது. அடுத்த படிக்கு ஏறியாகிவிட்டது, பாடம் முன்னேறுகிறது என்கிற பாவனை. கடைசியில் அவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஒப்பனை செய்துகொள்கிறாள், படம் முடிந்துவிடுகிறது.

இந்தக் காட்சிக்குப் பாஷ்லேயின் இனிய மெட்டு உதவாது. யாருக்கும் தெரியும். எனவே வேறு இசை தேவைப்பட்டது. அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1973-ல், கிங் கிரிம்சன் என்ற ஆங்கில ராக் குழு ஒரு ஆல்பம் போட்டிருந்தது. பெயர் 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்'. அதன் கடைசித் தடம் அதே தலைப்பின் இரண்டாம் பாகம், ராபர்ட் ஃப்ரிப் எழுதியது. பாடல் வரி கிடையாது. கிடார் கடித்துத் துப்புகிற மாதிரி ஒரு தொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்கும், தாளத்தை நாலு நாலாக எண்ணினால் கால் தடுக்கி விழுவோம், சுருதி படிப்படியாக ஏறிக்கொண்டே போகும், இறங்க இடமே கொடுக்காது. பில் ப்ரூஃபோர்டின் டிரம்ஸும் டேவிட் கிராஸின் வயலினும் சேரும்போது மூடிய அறையில் சுவர்கள் நெருங்கி வருவது போல இருக்கும். நல்ல இசை, ஆனால் யாரையும் கொஞ்சுகிற இசை இல்லை.

எம்மானுவெல் படத்தில் கேட்பது கிட்டத்தட்ட இதேதான். அனுமதி வாங்கவில்லை, பெயர் போடவில்லை. ஃப்ரிப் வழக்குப் போட்டார். விஷயம் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. ராக் இசை ரசிகர்கள் இந்தச் செய்தியை ஒரு வேடிக்கைத் துணுக்காகச் சொல்வார்கள்: 'தெரியுமா, அந்தப் படத்தில் கிங் கிரிம்சனைச் சுட்டுவிட்டார்கள்!' என்று. சுட்டது பெரிய விஷயம்தான். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இசைத்தட்டின் பின்னட்டையில் இருக்கிறது. அந்தத் தடத்துக்கு அவர்களே வைத்த பெயர். ஆங்கிலத்தில் இருக்கும் அந்தத் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'வன்புணர்வுக் காட்சி'. வேறு ஒன்றும் இல்லை. அலங்காரம் இல்லை, பூடகம் இல்லை.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். படம் அதற்குப் 'பாடம்' என்று பெயர் வைத்தது. விளம்பரம் 'விடுதலை' என்றது. பாட்டு 'காதல் ராகம்' என்றது. ஆனால் இசைத்தட்டில் தடங்களுக்குப் பெயர் எழுத உட்கார்ந்த யாரோ ஒருவர், பட்டியல் போடும் குமாஸ்தா மாதிரி, நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டார். எம்மானுவெல் நீந்துகிறாள் என்று ஒரு தடம், எம்மானுவெல் கண்ணாடியில் என்று ஒரு தடம், அபின் குகை, அப்புறம் அது. ஆக, எடுத்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். தெரியாமல் எடுத்தோம், அந்தக் காலத்தில் அப்படித்தான் நினைத்தோம் என்கிற சமாதானம் அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போகிறது. லெட்ஜரில் ஒன்று, வெளியே ஒன்று.

காதும் பொய் சொல்லவில்லை. அந்தக் காட்சிக்குத் தலைப்பு மெட்டைப் போட்டிருக்கலாமே? போடவில்லை. பயத்தின் இசையைத் தேடிப் போய் எடுத்து வந்தார்கள். நடப்பது பயங்கரம் என்று இசை ஒத்துக்கொள்கிறது, கதை ஒத்துக்கொள்ள மறுக்கிறது. அப்புறம் பழைய மெட்டு திரும்பி வந்து எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறது. அந்த இனிமைக்கு அசல் விலை இதுதான்.

'அந்தக் காலம் வேறு சார்' என்பார்கள். எந்தக் காலம்? படம் வெளிவந்த அதே கோடையில், 1974 ஆகஸ்டில், மார்செய் பக்கத்தில் கடற்கரையோரம் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த இரண்டு பெல்ஜியப் பெண்களை மூன்று பேர் தாக்கி வன்புணர்வு செய்தார்கள். அதைச் சாதாரண அடிதடி வழக்காக எடுத்துக்கொண்டு முடித்துவிடத்தான் பார்த்தார்கள். பெண்கள் விடவில்லை. வழக்கறிஞர் ஜிஸேல் ஹாலிமி வாதாட, 1978-ல் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் விசாரணை நடந்து தண்டனை கிடைத்தது. அதன் தொடர்ச்சியாக 1980 டிசம்பரில் பிரெஞ்சுச் சட்டம் வன்புணர்வுக்கு ஒழுங்கான வரையறை கொடுத்தது. சம்மதம் என்ற சொல் அந்த வரையறைக்குள் வருவதற்கு 2025 ஆகிவிட்டது. ஆகவே அந்தக் காலத்திலும் வித்தியாசம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். நீதிமன்ற வாசலில் கூச்சலுக்கும் வசவுக்கும் நடுவே நின்று சொன்னார்கள். அவர்களுக்குப் பின்னணி இசை எதுவும் கிடையாது.

படத்தின் பக்கம் நின்று ஒன்று சொல்லலாம், சொல்ல வேண்டும். பெண்ணுக்கும் ஆசை உண்டு, அது பாவம் இல்லை என்று வெளிப்படையாக ஒரு பெரிய திரையில் காட்டியதே அப்போது பலருக்கு மூச்சு விட்ட மாதிரி இருந்தது. கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய சிமோன் வேயின் சட்டம் 1975 ஜனவரியில்தான் வருகிறது. அந்தச் சூழலில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு லேசான மனதோடு வீட்டுக்குப் போன பெண்கள் இருந்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த லேசான மனதைக் கொடுத்ததில் பெரும் பங்கு பாஷ்லேயின் மெட்டுக்கு என்பதும் உண்மை. ஆனால் ஆசை பாவம் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தவர்கள், அவளுடைய மறுப்புக்கும் மதிப்பில்லை என்று சொல்லி முடித்தார்கள். இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டி, மேலே அதே பாட்டை ரிப்பன் மாதிரி சுற்றிக் கொடுத்ததுதான் உறுத்துகிறது.

இனி காசு. (காமர்ஸ் பையன்களுக்குப் பிடித்த பகுதி.)

பிரான்ஸில் இசைக்காரர்களுக்குக் காசு வசூலிக்கும் சங்கம் சாசெம். அது பிறந்த கதையே சுவாரசியம். 1847-ல் ஏர்னஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியர் பாரிஸில் லெ ஆம்பாசதர் என்ற பாட்டுக் காபிக்கடையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார். அவர் எழுதிய பாட்டையே அங்கே பாடிக்கொண்டிருந்தார்கள். பில் வந்ததும் கொடுக்க மறுத்துவிட்டார். 'என் சரக்கை நீங்கள் இலவசமாக எடுத்துக்கொள்கிறீர்கள், உங்கள் சரக்குக்கு மட்டும் நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்?' என்பது வாதம். கோர்ட்டில் அவர் பக்கம் தீர்ப்பானது. 1851-ல் சாசெம் உருவானது. அந்தக் காபிக்கடையும் ஷாம்ஸ் எலிஸேயில்தான் இருந்தது, எம்மானுவெல் பத்து வருஷம் ஓடிய அதே வீதி.

பிரான்ஸில் தியேட்டர்களும் டிக்கெட் வருமானத்தில் ஒரு சிறு பங்கை இசைக்காகக் கட்ட வேண்டும். அமெரிக்காவில் 1948-ல் வந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு தியேட்டர்கள் அப்படிக் கட்ட வேண்டியதில்லை, பிரான்ஸில் உண்டு. அப்படியென்றால் அந்த 89 லட்சம் டிக்கெட்டிலும் இசைக்கென்று ஏதோ சில்லறை பிரிந்து போயிருக்கும். அதற்குமேல் ரேடியோ, இசைத்தட்டு, டிவி, வேறு யாராவது வாசித்தால் அதற்கும் காசு. இசையமைத்தவர் காலமாகி 70 வருஷம் வரைக்கும் உரிமை இருக்கும். பாஷ்லே 2005 பிப்ரவரியில் இறந்தார். 2075 முடிகிற வரைக்கும் அந்த மெட்டு சம்பாதிக்கும்.

ஃப்ரிப்புக்கும் அவர் பங்கு சமரசத்தில் வந்தது. தன் இசையைத் தன் கையை விட்டுப் போக விடக் கூடாது என்பதில் அவர் பின்னாளில் இன்னும் பிடிவாதக்காரர் ஆனார். 90-களில் டிஜிஎம் என்ற சொந்த நிறுவனம் தொடங்கி, பதிப்புரிமை கலைஞனிடமே இருக்கும் என்று விதி வைத்தார்.

யாருடைய முகத்தை வைத்து இந்தக் கணக்கு எல்லாம் ஓடியதோ, அந்தப் பெண்ணுக்கு நடிப்புக்கான சம்பளம். பாட்டில் அவள் பெயர் இருக்கிறது, இசைத்தட்டு அட்டையில் அவள் முகம் இருக்கிறது. ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தில் முகத்துக்கு ராயல்டி என்று ஒரு கணக்குத் தலைப்பே கிடையாது. குட்வில் முழுக்க அவளால் உண்டானது, எழுதப்பட்டது வேறு பேரேட்டில். கிறிஸ்டலுக்குச் சொந்தமாகவும் வியாபார ராசி இல்லை. 1981-ல் அமெரிக்காவில் நடித்த ஒரு படத்தில் தன் பங்கை ஒன்றரை லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். படம் இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் வசூல் செய்தது. க்ளோட் ஷப்ரோல், ரோஜே வாதிம் மாதிரி பெரிய இயக்குநர்களிடம் நடித்துப் பார்த்தார், ஆனால் எங்கே போனாலும் அந்த மெட்டு அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. 2006-ல் சுயசரிதை எழுதினார். தலைப்பு, 'நிர்வாணம்' என்று பொருள்படும் ஒற்றைச் சொல். தன் பெயரில் அச்சான முதல் நீண்ட வாக்கியங்களுக்கு 50 வயது தாண்ட வேண்டியிருந்தது. 2012 அக்டோபரில், 60 வயதில், புற்றுநோயால் காலமானார்.

தொடர் படங்களின் இசையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் பாகத்துக்கு 'லவ் ஸ்டோரி' புகழ் ஃபிரான்சிஸ் லே. இதற்குள் அரசாங்கமே மனம் மாறிவிட்டது. 1975 டிசம்பர் 30-ம் தேதி நிதிச் சட்டத்தில் ஆபாசப் படங்களுக்கென்று தனி வகையும் கூடுதல் வரியும் வந்தன. தணிக்கையை எடுத்துவிட்டு வரியைப் போட்டார்கள். இரண்டாம் பாகம் இந்த இழுபறியில் மாட்டிக்கொண்டு பிரான்ஸில் 1978-ல்தான் வெளிவந்தது. 1977-ல் வந்த மூன்றாம் பாகத்துக்குக் கேன்ஸ்பூர் ரெகே தாளத்தில் இசை போட்டார். அவருக்கே உரிய நக்கல் அதில் உண்டு, ஆனால் முதல் படத்தின் பாட்டு மாதிரி அது யாரையும் ஏமாற்றவில்லை. அதனாலேயே அவ்வளவு விற்கவும் இல்லை போலிருக்கிறது.

பாஷ்லே கெட்ட இசைக்காரர் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். 1976-ல் ழான்-ழாக் அனோவின் முதல் படத்துக்கு இசையமைத்தார், அந்தப் படம் வெளிநாட்டுப் பிரிவில் ஆஸ்கார் வாங்கியது. 1982-ல் 'லே கோரோன்' என்று ஒரு பாட்டுப் பாடினார். வடக்கு பிரான்ஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வரிசை வரிசையாகக் குடியிருந்த செங்கல் வீடுகளுக்குத்தான் கோரோன் என்று பெயர். எம்மானுவெல் தியேட்டர்களில் கூட்டம் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்த அதே 1974 டிசம்பரில், லான்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் லியேவாங் சுரங்கத்தில் வெடிப்பு நடந்து 42 பேர் செத்துப்போனார்கள். அந்த ஜனங்களின் பிள்ளைகள் அந்தப் பாட்டைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். லான்ஸ் கால்பந்து மைதானத்தில் இடைவேளை முடிந்து அணிகள் இறங்கும்போது மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்று பாடுகிறது.

அந்தப் பாட்டும் இவருடைய குரலில் அடுத்தவர் வாழ்க்கையைச் சொல்வதுதான். பாஷ்லே சுரங்கத்துக்குள் இறங்கியவர் இல்லை. ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. யாரைப் பற்றிப் பாடினாரோ அவர்கள் அந்தப் பாட்டை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். இப்போது அவர் குரல் இல்லாமலேயே, தங்கள் தொண்டையால், சுருதி முன்னே பின்னே போனாலும் கவலைப்படாமல் பாடுகிறார்கள். எம்மானுவெல் பாட்டுக்கு அப்படி ஒரு நாள் வரவேயில்லை.

2024-ல் ஓத்ரே திவான் என்ற பெண் இயக்குநர் அதே நாவலை ஹாங்காங்குக்கு மாற்றி, நோயெமி மெர்லானை வைத்து மறுபடி எடுத்தார். வசூல் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பழைய ஆல்பமோ இன்றும் கிடைக்கிறது. பெரும்பாலானவர்கள் தலைப்புப் பாட்டை மட்டும் எடுத்துத் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால் நீச்சலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் எங்கோ அந்தக் கிடார் வந்துவிடும். தடத்தின் பெயர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.